துப்பாக்கியும் நம் பிள்ளைகளும்

தீபாவளி வந்துவிட்டால் நம் பிள்ளைகள் பொட்டுவெடித் துப்பாக்கியைக் கையிலெடுத்து ஒருவரையொருவர் சுட்டு விளையாடுகின்றனர். நாமும் கண்டு மகிழ்கிறோம். விளையாட்டில் குற்றமில்லை. ஆயின், மெய்த் துப்பாக்கியும் ஏறக்குறைய இதே உருவில்தான் இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

"நம் வீட்டில் துப்பாக்கி இல்லையே, நமக்கென்ன?" என்பார் சிலர். பயிர்க் காவலுக்கான நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தில் இடமுண்டு. நம் பிள்ளை விளையாடச் செல்லும் அயல்வீட்டில் அஃது இருக்கலாம். 2021 டிசம்பர் 30 அன்று, புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையில், சுடும் பயிற்சித் தளத்திலிருந்து தவறி வந்த குண்டு, வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்தான். அவன் துப்பாக்கியைத் தொட்டவனும் அல்லன்.

காற்றுத் துப்பாக்கிதானே என்று எண்ணுவதும் தவறு. 1942 மார்ச்சு 23-ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேயரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், இறங்கிற்று. கோழி பிடிக்க வந்த வீரர்களை நோக்கிச் சுல்பிகர் அலி என்னும் இளைஞர் காற்றுத் துப்பாக்கியால் சுட்டார். எவருக்கும் காயமில்லை. ஆயினும் படையினர் வீடுகளைக் கொளுத்தினர். அவரை வதைத்து ஊரார் காணச் சுட்டுக் கொன்றனர். அவருடைய துணிவைக் குறை கூறுவது நம் கருத்தன்று. எதிரே நிற்பவன் எந்தத் துப்பாக்கியையும் பொம்மையாகக் கருதான் என்பதே நாம் அறிய வேண்டுவது. அமைதிக் காலத்திலும் அதன் சிறு குண்டு கண்ணைப் பறிக்க வல்லது.

சிறுவர்க்கு நாம் கற்பிக்க வேண்டியவை நான்கே: துப்பாக்கியைக் கண்டால் நில், தொடாதே, அவ்விடம் விட்டு அகல், பெரியவரிடம் சொல். சொல்ல வந்த பிள்ளையை அதட்டலாகாது. அதட்டினால் மறுமுறை சொல்லான். வளர்ந்த பிள்ளைகட்கு மேலும் சில: எத்துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே கொள்க, குழலை எவர்பக்கமும் திருப்பற்க, சுடும் வேளையன்றி விசையில் விரல் வைக்கற்க, குறிக்கு அப்பால் யாருளர் என்பதை அறிக.

ஆனால், சொல் மட்டும் போதாது. 8 முதல் 12 வயதுச் சிறுவரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், துப்பாக்கியைக் கண்டெடுத்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அது மெய்யா பொம்மையா என்று அறியவில்லை. கையிலெடுத்தவருள் பெரும்பாலோர் முன்னரே பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள்! ஆகவே உரிமம் பெற்றோர் தோட்டாவை நீக்கித் துப்பாக்கியைப் பூட்டி வைத்தல் வேண்டும். தோட்டாவை வேறிடத்தில் பூட்டுதல் வேண்டும். திறவுகோல் பிள்ளைகள் அறியாத இடத்தில் இருத்தல் வேண்டும்.

21 வயது நிரம்பாதார் துப்பாக்கி வைத்திருத்தலைச் சட்டம் தடுக்கிறது. முறையான பயிற்சிக்கு மட்டும் விலக்குண்டு. சுடக் கற்கும் ஆவல் கொண்ட மாணவர் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, ஆசிரியர் மேற்பார்வையில் ஒழுங்குடன் கற்கலாம்.

தாய்மாரே, தந்தையரே! பிள்ளையை அயல்வீட்டுக்கு அனுப்புமுன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா, அது பூட்டியுள்ளதா?" என்று கேட்கக் கூச வேண்டா. அக்கேள்வியால் நட்பு கெடாது; கேளாமையால் ஓர் உயிர் கெடலாம்.