பிரிந்த பெற்றோர்: பிள்ளை யாரிடம் வளர வேண்டும்?

தேகு ரோடு, கட்கி, பிம்பிரி, ராஸ்தா பேட்டை என்று புனேயில் தமிழர்கள் வாழும் இடங்களில் அவ்வப்போது காதில் விழும் சங்கதி இது. கணவன் மனைவிக்குள் மனக்கசப்பு. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ரெயில் ஏறி விடுகிறாள். அல்லது கணவன் குழந்தையைத் தன் தாயாரிடம் கொண்டுபோய் விட்டுவிடுகிறான். பிறகு, "சட்டம் என் பக்கம்" என்று இருவருமே சொல்கிறார்கள். சட்டமோ குழந்தையின் பக்கம் நிற்கிறது.

ஐந்து வயது வரை

காப்பாளர்கள் பற்றிய 1890-ம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் உரியது. இந்துக்களுக்கு 1956-ம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அதன்படி தகப்பனார் இயற்கைக் காப்பாளர். அவருக்குப் பின் தாயார். ஆயினும் ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும். ஐந்து முடிந்த மறுநாளே தகப்பனிடம் போய்விடும் என்று இதற்கு அர்த்தமல்ல. குழந்தையின் நலனே எல்லாவற்றிலும் முக்கியம் என்கிறது அதே சட்டத்தின் 13-வது பிரிவு. விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் ஜட்ஜ் கேட்கலாம்.

சென்னை ஐகோர்ட்டிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் சொத்துமல்ல, விளையாட்டுப் பொருளுமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 1973-ல் தீர்ப்பளித்தது. நிலைமை மாறினால் பழைய உத்தரவையும் மாற்றலாம்.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் பத்திரம் வாங்க 1984-ல் மனுச் செய்தபோது, ரிசர்வ் வங்கி தகப்பனார் கையெழுத்தைக் கேட்டது. வழக்கு 1999-ல் முடிந்தது. தகப்பனார் பொறுப்பு எடுத்துக்கொள்ளாதபோது, அவர் உயிரோடு இருந்தாலும் தாயார் காப்பாளர் ஆகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

எந்த ஊர் கோர்ட்டு?

குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரிலுள்ள கோர்ட்டில்தான் காப்பாளர் மனுப் போட வேண்டும். புனேயில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் போன வாரம் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனதாலேயே அது திருநெல்வேலிப் பிள்ளை ஆகிவிடாது. எங்கே வளர்ந்தது, எங்கே படித்தது என்று கோர்ட்டு பார்க்கும். விவாகரத்து வழக்கு நடந்தால் அந்தக் கோர்ட்டே பிள்ளையைப் பற்றியும் உத்தரவிடலாம்.

புனேயில் குடும்ப கோர்ட்டு 1989-ல் ஏற்பட்டது. சிவாஜிநகரில் இருக்கிறது. முதலில் ஆலோசகர் இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார். சமாதானத்துக்கு வழி பார்ப்பார். வக்கீல் வைக்க கோர்ட்டின் அனுமதி வேண்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. மராத்தியிலோ ஆங்கிலத்திலோ உள்ள காகிதத்தை, தெரிந்தவரைக் கொண்டு படித்துக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பார்க்கும் உரிமை

பிள்ளை ஒருவரிடம் வளர்ந்தாலும் மற்றவர் வந்து பார்க்க கோர்ட்டு வழி செய்யும். "அவ்வப்போது பார்க்கலாம்" என்று எழுதினால் பின்னால் சண்டைதான். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், பள்ளி விடுமுறையில் எத்தனை நாள், ரெயில் செலவு யாருடையது என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். ஒருவர் ஊரிலும் மற்றவர் இங்கும் இருந்தால் இது மிகவும் அவசியம்.

பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் தவறு. இரண்டுக்கும் கோர்ட்டில் தனித்தனியே பரிகாரம் உண்டு.

பிறப்புச் சான்று, பள்ளி ரசீது, தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளையை யார் கவனித்தார்கள் என்பதற்கு இவையே சாட்சி. பிள்ளையின் எதிரில் ஒருவரை ஒருவர் ஏசாதீர்கள். புருஷன் பெண்டாட்டி உறவு முறிந்தாலும், அந்தப் பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் நீங்கள் இருவர்தான்.