ஓர் இரவின் தவறும் முப்பது ஆண்டு உழைப்பும்



வீட்டிலே தொலைக்காட்சி முன் அமர்ந்து விளையாட்டுப் பார்க்கும்போது நம்மில் யார்தான் பயிற்சியாளராக மாறாமல் இருக்கிறோம்? “இவனை ஏன் அனுப்பினான்? அவனை ஏன் நிறுத்தினான்?” என்று தந்தையும் மகனும் வாதிடுவது எல்லா இல்லங்களிலும் நடப்பதுதான். ஆட்டம் முடிந்தபின் தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் ஒரே ஒரு தீர்ப்பு ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பையே மூடி மறைத்துவிடுமானால், அதைப்பற்றிச் சற்று நின்று சிந்திக்க வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம்.

அத்தகைய தீர்ப்புக்கு ஆளானவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கை லூயிஸ். அவருடைய மாணவர் ஒருவரை நீங்கள் நன்கு அறிவீர்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்து, 1980 ஆம் ஆண்டு ஹூஸ்டனுக்கு வந்து, பின்னாளில் ரமளான் நோன்பு நோற்றபடியே தொழில்முறை ஆட்டங்களில் ஆடி உலகை வியக்கவைத்த ஹக்கீம் ஒலாஜுவான்தான் அவர்.

அன்று நடந்தது என்ன?

1983 ஏப்ரல் 4 ஆம் நாள். நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகெர்க்கி நகரில் கல்லூரி அணிகளின் தேசிய இறுதிப் போட்டி. ஹூஸ்டன் அணி தொடர்ந்து 26 வெற்றிகளைப் பெற்று வந்திருந்தது. ஓடி ஆடுவதும், உயரக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் அறைவதும் அதன் தனிச்சிறப்பு. இரண்டு நாட்களுக்கு முன் நடந்த அரையிறுதியில் லூயிவில் அணியை அந்த வேகத்தினாலேயே 94-81 என்று வீழ்த்தியிருந்தது. எதிரே நின்றதோ, அந்தப் பருவத்தில் பத்து ஆட்டங்களில் தோற்றிருந்த வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணி. முடிவைப் பற்றி யாருக்கும் ஐயமே இருக்கவில்லை.

முதற்பாதியில் ஹூஸ்டன் 25-33 எனப் பின்தங்கியது. சிறந்த வீரரான கிளைட் டிரெக்ஸ்லர் அதற்குள் நான்கு ஃபவுல்களைச் சுமந்துவிட்டார். ஐந்தாவது விழுந்தால் வெளியேற வேண்டியதுதான். எனினும் இரண்டாம் பாதியில் ஹூஸ்டன் புயலெனப் பாய்ந்தது. 17 புள்ளிகளை எடுத்து, எதிரணிக்கு 2 மட்டுமே கொடுத்து, 42-35 என முன்னேறியது.

அப்போதுதான் லூயிஸ் அந்த முடிவை எடுத்தார். “வேகத்தைக் குறையுங்கள், பந்தைக் கையில் வைத்து ஆடுங்கள்” என்பது அவர் கட்டளை. இத்தனை நொடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி அக்காலத்துத் தேசியப் போட்டியில் இல்லை. ஆகவே முன்னிலையில் உள்ள அணி பந்தைக் கைமாற்றிக்கொண்டே நேரத்தைக் கடத்துவது வழக்கமான உத்தியாக இருந்தது.

எதிரணிப் பயிற்சியாளர் ஜிம் வால்வானோ இதற்கு மாற்று ஒன்றைக் கண்டார். ஹூஸ்டன் வீரர்கள் தனி எறியில் வல்லவர்கள் அல்லர் என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே வேண்டுமென்றே ஃபவுல் செய்து, அவர்களை அந்தக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். எறிகள் தவறின. வட கரோலினா வீரர்களோ தொலைவிலிருந்து கூடையை நிரப்பினர். 52-46 என்றிருந்த கணக்கு 52-52 ஆயிற்று. ஒரு நிமிடமே மீதமிருந்தபோது ஹூஸ்டனின் இளம் வீரர் ஆல்வின் ஃபிராங்க்ளின் தனி எறிக்கு நின்றார். முதல் எறி விழுந்தால்தான் இரண்டாவது எறி கிடைக்கும். முதலாவதே தவறியது.

இறுதி வினாடிகளில் டெரெக் விட்டன்பர்க் நெடுந்தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்தை எட்டவில்லை. கீழே நின்ற லொரன்சோ சார்ல்ஸ் அதைப் பிடித்து அப்படியே வளையத்துக்குள் திணித்தார். 54-52. ஆட்டம் முடிந்தது.

குற்றம் சாட்டுவோர் வாதம்

ஓடத் தெரிந்த குதிரையை நடக்கவைத்தார் என்பதே லூயிஸ்மீது சுமத்தப்பட்ட பெருங்குற்றம். எதிரணி மூச்சுத்திணறிக் கொண்டிருந்த வேளையில் அதற்கு ஓய்வு அளித்தார். தனி எறியில் பலவீனமான தம் அணியை அந்தக் கோட்டுக்குச் செல்லவேண்டிய நிலையில் தாமே வைத்தார். டிரெக்ஸ்லரை முதற்பாதியிலேயே முன்னதாக வெளியே அமர்த்திக் காக்கத் தவறினார். இவையே குற்றச்சாட்டுகள். “திறமைசாலிகளைச் சேர்த்துப் பந்தை உருட்டிவிடுவார், அவ்வளவுதான்” என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு.

மறுபக்கம்

ஆல்புகெர்க்கி கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள நகர். காற்று மெலிந்த அவ்விடத்தில் நெட்டையான வீரர்கள் விரைவில் களைத்துப் போவர். ஒலாஜுவான் அன்று 20 புள்ளிகள் எடுத்தார்; 18 முறை பந்தை மீட்டார். அவரைக் காக்க வேண்டும் என்ற கவலையில் நியாயம் இருக்கவே செய்தது. ஃபிராங்க்ளினின் எறி விழுந்திருந்தால், அதே கட்டளையை “முதிர்ந்த அனுபவம்” என்று அதே ஏடுகள் பாராட்டியிருக்குமல்லவா?

எனினும், வாசகர்களே, நடுநிலையோடு சொல்வதானால் அன்றைய முடிவு தவறானது என்றே கருதுகிறேன். கூடை விழவில்லை என்பதற்காக அல்ல. தம் அணியின் பலம் எது, பலவீனம் எது என்பதை அவரைவிட அறிந்தவர் இல்லை. பலத்தைக் கைவிட்டுப் பலவீனத்தின்மீது சாய்ந்ததே பிழை. தனி எறிப் பயிற்சியின் குறைக்கும் அவரே பொறுப்பு.

ஆனால் மனிதர்?

ஒரு முடிவு தவறு என்பது வேறு, மனிதரே திறமையற்றவர் என்பது வேறு. 1956 முதல் 1986 வரை முப்பது பருவங்களில் லூயிஸ் பெற்ற வெற்றிகள் 592. நாட்டின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக ஹூஸ்டனை ஐந்து முறை கொண்டு சேர்த்தார். 1964 இல், தென் மாநிலக் கல்லூரிகள் பல கறுப்பின மாணவருக்குக் கதவடைத்திருந்த காலத்தில், எல்வின் ஹேய்ஸ், டான் சேனி ஆகிய இருவரையும் தம் அணிக்கு அழைத்துவந்தார்.

1968 ஜனவரி 20 இல் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 52,693 பேர் முன்னிலையில், 47 ஆட்டங்களாகத் தோல்வி காணாத கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் அணியை அவர் அணி 71-69 என வென்றது. அந்த எதிரணியில் ஆடியவர், பின்னர் கரீம் அப்துல் ஜப்பார் எனப் பெயர் பூண்ட மாவீரர். கல்லூரிக் கூடைப்பந்தைத் தொலைக்காட்சி வழியே நாடெங்கும் கொண்டு சென்ற ஆட்டம் அது. இறுதி நிமிடங்களில் பதறாமல் அன்று வென்றவரும் இதே லூயிஸ்தான் என்பதை ஏளனம் செய்வோர் மறந்துவிடுகின்றனர்.

கால்பந்தும் கைப்பந்தும் ஆடி வளர்ந்து, கூடைப்பந்தைக் காலந்தாழ்ந்தே கற்ற ஒலாஜுவானை முதலாண்டு போட்டியில் இறக்காமல் பொறுமையுடன் பயிற்றுவித்தவரும் அவரே. 1983 இல் தோற்ற அணியில் இருந்தும் ஒலாஜுவானே போட்டியின் மிகச்சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்குத் தொழில்முறைப் பட்டங்களையும் பெற்றுத் தந்தார்.

இத்தனை இருந்தும், நெய்ஸ்மித் புகழ் மன்றம் லூயிஸுக்குக் கதவைத் திறந்தது 2013 இல்தான். அப்போது அவருக்கு வயது 91. ஓய்வு பெற்று 27 ஆண்டுகள் கடந்திருந்தன. அவருக்காகக் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானோர் அவரிடம் பயின்ற வீரர்களே. 2015 இல் அவர் மறைந்தார்.

எண்ணிப் பாருங்கள்! தோல்வியின் வலியை ஆடுகளத்தில் அனுபவித்தவர்கள் அவரை மன்னித்துக் கொண்டாடினர். இருக்கையில் அமர்ந்து பார்த்தவர்களே நெடுங்காலம் மன்னிக்க மறுத்தனர்.

ஒரு தேர்வில் தவறிய மகனையும், ஒருநாள் வணிகத்தில் பிழை செய்த தம்பியையும் நாம் எப்படி அளக்கிறோம்? பிழையைப் பிழை என்று சொல்வோம். அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் தராசில் வைத்து, மற்ற நாட்களைக் கீழே கொட்டிவிட வேண்டாம். நிறுத்தால் முழுவதையும் நிறுப்போம். அதுவே நீதி.