தரங்கம்பாடியில் மூன்று மணி நேரம்

வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்களுக்குத் தரங்கம்பாடி என்றால், சீர்காழி, சிதம்பரம் போகும்போது கண்டக்டர் கத்துகிற ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்ததே கிடையாது. போன மாதம் திருக்கடையூரில் மாமனார், மாமியாருக்கு அறுபதாம் கல்யாணம் முடித்துத் திரும்பும்போது, தரங்கம்பாடி முக்கில் வேன் நின்றுவிட்டது. கிளட்ச் போய்விட்டதாம். காரைக்காலில் இருந்து சாமான் வாங்கி வந்து மாட்ட மூன்று மணி நேரம் ஆகும் என்றார் டிரைவர்.

ஆண்கள் வேனைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். (வேன் என்னவோ நகரவில்லை!) நாங்கள் பெண்கள் ஏழு பேர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தோம். உலை வைக்கணுமே, பால் பொங்குதே என்ற நினைப்பு இல்லாமல் மூன்று மணி நேரம்! கல்யாணமாகி பதினேழு வருஷத்தில் எனக்கு இப்படி வாய்த்ததில்லை.

ஊருக்கே ஒரு வாசல் கட்டி வைத்திருக்கிறார்கள். 1792-ல் கட்டியது. உள்ளே நுழைந்தால் ராஜ வீதி நேராகக் கடற்கரைக்குப் போகிறது. அங்கே கோட்டை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டியதாம். 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். வெயில் காலத்தில் போகிறவர்கள் குடையும் தண்ணீரும் கையோடு கொண்டு போங்கள். உள்ளே கடைகள் அதிகம் கிடையாது.

கோட்டைக்கு வடக்கே, அலைக்குப் பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டு போய்விட்டது. புதுத் தாலி கழுத்தில் மின்ன, மாமியார் அங்கே ரொம்ப நேரம் கும்பிட்டபடி நின்றார். "சுனாமி வந்தப்பவும் இவரு இங்கதானே இருந்திருப்பாரு" என்றார். எங்கள் பக்கத்தில் 2004-ஐ மறந்தவர்கள் யார்?

திரும்பும் வழியில் நிழலுக்காக ஒரு தேவாலயத்தில் ஒதுங்கினோம். 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயம். ஜெர்மனியில் இருந்து வந்த சீகன்பால்குவின் கல்லறை உள்ளேயே இருக்கிறது. அங்கிருந்த பெரியவர் ஒருவர் பொறுமையாக விவரம் சொன்னார். 1706-ல் வந்து இறங்கியபோது சீகன்பால்குவுக்கு இருபத்து நாலு வயதுகூட முடியவில்லையாம். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்திருக்கிறார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை இந்த ஊரிலேயே அச்சடித்திருக்கிறார். 1707-லேயே பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடமும் வைத்திருக்கிறார். இறந்தபோது வயது 36தான்.

"முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே பொட்டப் புள்ளைங்க படிச்சுதுங்களா?" என்று மாமியார் இரண்டு தடவை கேட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மகள் பத்தாவது முடித்திருக்கிறாள். அவள் கேட்கிற குரூப் பக்கத்துப் பள்ளியில் இல்லை. நாகப்பட்டினத்தில் ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும். "வயசுப் பொண்ண வெளியூர்ல விடுறதா?" என்று மாமியார் ஒரே பிடியாக நின்றார். அவர் பேச்சை மீறி என் கணவர் எதுவும் செய்ய மாட்டார். நானும் பத்தாவதோடு நின்றவள்தான். என் பேச்சு எங்கே எடுபடும்?

ஆலயத் திண்ணையில் உட்கார்ந்துதான் மாமியார் அதைச் சொன்னார். ஆறாவது படிக்கும்போது வயதுக்கு வந்திருக்கிறார், அதோடு நிறுத்திவிட்டார்கள். வாய்ப்பாட்டுப் புத்தகத்தை அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்தாராம். பதினேழு வருஷத்தில் எங்கள் யாரிடமும் இதை அவர் சொன்னதில்லை.

வேன் சரியானதும் கிளம்பிவிட்டோம். விண்ணப்பம் இன்னும் சாமி அலமாரியில்தான் இருக்கிறது. கொடுக்கப் பத்து நாள் அவகாசம் உண்டு. சரி என்று மாமியார் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அன்று வேனில் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "அந்த ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படிடி இருக்கும்?" என்று கேட்டார்.

– ஒரு வாசகி, வேதாரண்யம்