கிளைக் கடைக்கு வீ.பீ.என்.: முழுக் கோப்பையும் கையோடு கொண்டு போங்கள்

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் அக்கரைப்பற்றில் எமது புடைவைக் கடையின் கிளையைத் திறந்தோம். சரக்கு லொறியில் முன்னே போய்விட்டது. நான் ஒரு பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரவு பஸ்ஸில் போனேன். புறக்கோட்டைத் தலைமைக் கடையின் கணனியோடு கிளைக் கணனிகளை இணைக்கும் வீ.பீ.என். மென்பொருள் அதில் இருந்தது. குறைந்தபட்சம், இருப்பதாக நான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

காலையில் முதலாவது கணனியில் பென் டிரைவைச் செருகி கோப்பைத் திறந்தால், 'டவுன்லோட் செய்யப்படுகிறது' என்று ஒரு பட்டை ஓடத் தொடங்கியது. கிளைக்கு இணைய லைன் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. கையில் இருந்தது ஒரு டொங்கிள் மட்டுமே. அதுவும் கடையின் பின்பக்கத்தில் சிக்னல் பிடிக்கவில்லை. "காக்கா, இது பன்னிரண்டிலேயே நிக்குது" என்று கடைப் பையன் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வந்து சொல்லிக் கொண்டிருந்தான். நான் கொண்டு போனது மென்பொருள் அல்ல. இணையத்துக்குப் போய் மென்பொருளைக் கொண்டுவரும் ஒரு சிறிய ஏவல் கோப்பு.

இரண்டு நாட்கள் கையால் பில் எழுதினோம். எந்த அளவுகள் விற்று முடிந்தன என்று தெரியாமல் கொழும்பிலிருந்த என் மைத்துனர், நகராமல் கிடந்த அளவுகளையே மறுபடியும் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார். பெருநாள் முடிந்து அவற்றைத் திருப்பி அனுப்பிய கூலி என் கணக்கில்தான் விழுந்தது. பிழையும் என்னுடையதே. அந்தச் செலவில் நான் படித்ததை, கிளை திறக்கும் எண்ணத்தில் உள்ள வர்த்தகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வீ.பீ.என். என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது 2018 மார்ச்சில் திகன கலவரத்தின் போதும், 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட வேளைகளில் கைத்தொலைபேசியில் இறக்கிக்கொண்ட இலவச செயலிகள்தான். வியாபாரத்துக்கு வேண்டியது அதுவல்ல. அந்தச் செயலி உங்கள் தகவலை யாரோ ஒருவருடைய கணனி வழியாக அனுப்புகிறது. நான் சொல்வது உங்கள் கிளையிலிருந்து உங்கள் சொந்தத் தலைமைக் கடைக்கு மட்டும் போகும், பூட்டுப் போட்ட ஒரு பாதை. இதன் ஒரு முனை தலைமைக் கடையின் ரவுட்டரிலோ சேர்வரிலோ இருக்கும். மறு முனைக்கு, கிளைக் கணனி ஒவ்வொன்றிலும் ஒரு மென்பொருள் நிறுவப்பட வேண்டும்.

மென்பொருள் நிறுவனங்கள் தமது பக்கத்தில் பெரிய பொத்தானின் கீழ் வைப்பது பெரும்பாலும் அந்த ஏவல் கோப்பைத்தான். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. எவர் எப்போது நிறுவினாலும் புதிய பதிப்பே கிடைக்கும், கணனிக்குப் பொருத்தமான வகையையும் அதுவே தெரிந்தெடுக்கும். ஆனால் நான்கு கணனிகள் என்றால் நான்கு தடவை டவுன்லோட், நான்கு மடங்கு டேட்டா. இணைப்பே இல்லாத இடத்தில் ஒன்றும் இல்லை.

வயர்கார்ட் என்ற இலவச மென்பொருளை உதாரணமாக எடுப்போம். விண்டோஸுக்கான பொத்தானை அழுத்தினால் வருவது ஏவல் கோப்பு. ஆனால் அதே நிறுவனத்தின் டவுன்லோட் தளத்தில் முழுக் கோப்புகளும் வரிசையாக உள்ளன. அவை எம்.எஸ்.ஐ. என்று முடியும் பெயருடையவை. ஓபன் வீ.பீ.என். இன் சமூகப் பதிப்பு இன்னும் இலகு. அவர்களது டவுன்லோட் பக்கத்திலேயே முழு எம்.எஸ்.ஐ. கோப்பு கிடைக்கும். மற்றவற்றில் 'எல்லா டவுன்லோட்களும்', 'நிர்வாகிகளுக்கு', 'ஓப்லைன்' என்ற தலைப்புகளின் கீழ் தேடிப் பாருங்கள். பணம் கொடுத்து வாங்கிய ரவுட்டருக்குரிய மென்பொருள் என்றால், முழுக் கோப்பு வாடிக்கையாளர் கணக்கினுள் பூட்டப்பட்டிருக்கலாம். விற்ற கடைக்காரரிடம் கேளுங்கள். ரவுட்டருக்குக் கொடுத்த பணத்தில் அதுவும் சேர்ந்துதான் இருக்கிறது, வெட்கப்படத் தேவையில்லை.

முழுக் கோப்பில் ஒரு சிக்கல், வகையை நீங்களே தெரிந்தெடுக்க வேண்டும். இன்றைய கணனிகள் அநேகமாக 64 பிட். ஆனால் கணக்கு எழுத என்று மூலையில் வைத்திருக்கும் பழைய பெட்டியில் 32 பிட் விண்டோஸ் இருக்கலாம். பிழையான கோப்பைக் கொண்டு போனால், இந்த வகைக் கணனிக்கு இது பொருந்தாது என்று ஒரு வரிச் செய்தியோடு நின்றுவிடும். போகுமுன் கிளைக்கு ஒரு கோல் எடுத்து, செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். (அது விண்டோஸ் 10 ஆக இருந்தால் வேறொரு கவலையும் உண்டு. மைக்ரோசொப்ட் அதற்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 இல் முடித்துக்கொண்டது.)

எனக்குப் பயம் தந்த விடயம் இனித்தான். முழுக் கோப்பு கிடைக்காத அவசரத்தில், தேடுபொறியில் முதலாவதாக வந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிவிட நானும் அன்று கை வைத்தேன். கடைப் பையனின் டொங்கிள் மந்தமாக இருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. 2025 ஜூனில் சோனிக்வோல் நிறுவனமும் மைக்ரோசொப்டும் ஓர் எச்சரிக்கை விடுத்தன. சோனிக்வோலின் நெட்எக்ஸ்டெண்டர் என்ற வீ.பீ.என். மென்பொருளை யாரோ திருத்தி, போலித் தளத்தில் வைத்து விநியோகித்திருந்தார்கள். தோற்றத்தில் அசலேதான். ஆனால் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் திருடர்களுக்கு அனுப்பிவிடும். உங்கள் ஸ்டொக், கடன் பாக்கி, வாடிக்கையாளர் விபரம் எல்லாவற்றுக்கும் சாவி அதுதானே.

ஆகவே கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, 'புரொபர்டீஸ்' இல் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பகுதியைப் பாருங்கள். கையொப்பம் இருந்தால் மட்டும் போதாது, பெயரையும் வாசியுங்கள். மேலே சொன்ன போலிக் கோப்பிலும் டிஜிட்டல் கையொப்பம் இருந்தது, ஆனால் வேறொரு கம்பனியின் பெயரில். காசோலையில் கையொப்பம் இருக்கிறது என்பதற்காக எவருடைய கையொப்பம் என்று பார்க்காமல் வாங்குவோமா? பகுதியே இல்லாவிட்டால் அந்தக் கோப்பைத் தொடவே வேண்டாம்.

கொண்டு போகுமுன் தலைமைக் கடையில் ஓர் ஒத்திகை பாருங்கள். அந்த மென்பொருள் ஒருபோதும் நிறுவப்படாத ஒரு கணனியை எடுத்து, இணையக் கேபிளைக் கழற்றி, வைபையையும் நிறுத்திவிட்டு நிறுவுங்கள். இறுதிவரை போனால் அது முழுக் கோப்பு. இந்தப் பத்து நிமிடத்தை நான் செலவிட்டிருந்தால் லொறிக் கூலி மிஞ்சியிருக்கும்.

மென்பொருளோடு இன்னும் இரண்டு சாமான்கள் வேண்டும். ஒன்று கிளைக் கணனியின் நிர்வாகி கடவுச்சொல். வீ.பீ.என். மென்பொருள் விண்டோஸினுள் ஒரு புதிய நெட்வேர்க் அடப்டரைப் பொருத்துவதால் காசாளரின் சாதாரண கணக்கில் நிறுவ விடாது. மற்றது அமைப்புக் கோப்பு, அதாவது எந்த முகவரிக்கு எந்தச் சாவியோடு போவது என்ற விபரம். மென்பொருளை எவருக்கும் கொடுக்கலாம், அமைப்புக் கோப்பைக் கொடுக்கக் கூடாது. அதைக் கடை வட்ஸ்அப் குழுமத்தில் போடுவது பெட்டகச் சாவியைச் சுவரில் மாட்டுவதற்குச் சமம். கணனிக்கு ஒரு சாவி வீதம் தனித்தனியாக உண்டாக்குங்கள். வயர்கார்ட்டில் ஒரே சாவியை இரண்டு கணனிகளில் போட்டால் ஒன்று இணைய மற்றது அறுந்து, இரண்டும் மாறி மாறி ஆடிக்கொண்டிருக்கும். தனிச் சாவி என்றால், ஓர் ஊழியர் விலகும்போதும் அவருடையதை மட்டும் தலைமைக் கடையில் நீக்கிவிடலாம்.

நிறுவிய பின் வரும் இரண்டு தலைவலிகளையும் சொல்லிவிடுகிறேன். தலைமைக் கடையிலும் கிளையிலும் ரவுட்டர்கள் 192.168.1 என்ற ஒரே தொடரில் இருந்தால், இணைந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் ஸ்டொக் திறக்காது. கணனி அந்த முகவரியைத் தன் பக்கத்திலேயே தேடுகிறது. கிளை ரவுட்டரின் தொடரை மாற்றினால் சரி. மற்றது கடிகாரம். பழைய கணனியின் உள் பற்றரி செத்துப் போயிருந்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். ஓபன் வீ.பீ.என். போன்றவை சான்றிதழின் திகதியைப் பார்ப்பதால், இன்னும் தொடங்காத சான்றிதழ் என்று கதவை மூடிவிடும். எங்கள் மூன்றாவது கணனிக்கு அரை நாள் போனது இதனால்தான். கடைசியில் தீர்த்து வைத்தது பக்கத்து மணிக்கூட்டுக் கடையில் வாங்கிய ஒரு வட்டப் பற்றரி.

பென் டிரைவை இப்போது மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். கோப்பின் பெயரோடு இறக்கிய திகதியையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதிய முழுக் கோப்பை இறக்கி, பழையதை அழிக்கிறேன். போன வாரம் கிண்ணியாவில் கடை திறக்கும் நண்பர் ஒருவர் அதை இரவல் கேட்டார். மென்பொருளை மட்டும் வேறொரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.