கேலக்ஸி பாடத்தைத் தூரத்திலிருந்து தொடங்குங்கள்

அறிமுக வானியல் வகுப்பில் கோள்களும் விண்மீன்களும் ஒருவழியாக ஓடிவிடும். கேலக்ஸிகளும் அண்டவியலும் வரும்போதுதான் பலருக்கும் கால் தடுமாறுகிறது. செஃபீட், செம்பெயர்ச்சி, இருண்ட பொருள், நுண்ணலைப் பின்னணி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் இறுதித் தேர்வுக்கு முந்தைய வாரம் போதாது. என் யோசனை, ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுங்கள்: அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பாடத்தின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான்.

1920 ஏப்ரலில் வாஷிங்டனில் வானியலாளர்கள் ஹார்லோ ஷேப்லியும் ஹீபர் கர்ட்டிஸும் ஒரே மேடையில் பேசினார்கள். ஆண்ட்ரோமீடா போன்ற சுருள் மேகங்கள் நம் பால்வெளியைச் சேர்ந்தவையா, வெளியே இருக்கும் வேறு கேலக்ஸிகளா என்பது வழக்கு. தீர்ப்பு கிடைக்கவில்லை. அவற்றின் தூரத்தை உறுதியாகச் சொல்லும் அளவீடு இருவர் கையிலும் இல்லை.

ஆனால் அதற்கான கருவி எட்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ஹார்வர்டு வான்நிலையத்தில் பணியாற்றிய ஹென்ரியட்டா லீவிட், சிறிய மெகல்லன் மேகத்தில் செஃபீட் எனப்படும், ஒளி கூடிக் குறையும் 25 மாறுமீன்களை ஆராய்ந்து 1912இல் ஒரு விதியை வெளியிட்டார். மங்கிப் பிரகாசிக்க அதிக நாள் எடுத்துக்கொள்ளும் செஃபீட், உண்மையிலேயே அதிக ஒளியுடையது. அவர் ஏன் அந்த மேகத்தைப் பார்த்தார் என்று தேர்வில் கேட்பார்கள். அங்குள்ள விண்மீன்கள் எல்லாம் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கின்றன. அதனால் ஒன்று மங்கலாகத் தெரிந்தால் அது உண்மையிலேயே ஒளி குறைந்தது. தூரத்தைக் காரணம் காட்ட முடியாது. இதைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது. மாறும் காலத்தை அளந்தால் உண்மை ஒளி தெரியும். நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். தூரம் இரண்டு மடங்கானால் பிரகாசம் நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று.

1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள், மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடாவைப் படம் பிடித்தார். கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளியை நோவா, அதாவது திடீரெனப் பிரகாசிக்கும் விண்மீன், என்று குறித்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது அது மங்குவதும் பிரகாசிப்பதுமாக இருப்பது தெரிந்தது. நோவா என்பதற்கான எழுத்தை அடித்துவிட்டு, மாறுமீன் என்று ஆச்சரியக்குறியோடு எழுதினார். அந்தத் தகடு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அந்த மாறுமீன் ஒரு செஃபீட். அதன் மாறும் காலத்திலிருந்து அவருக்குக் கிடைத்த தூரம் ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு. பால்வெளிக்குள் அதை அடைக்க வழியே இல்லை, வழக்கு முடிந்தது. லீவிட் 1921லேயே காலமாகிவிட்டார். தம் விதி என்ன சாதித்தது என்பதை அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

இன்றைய கணக்கில் ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஹப்பிளின் எண் ஏன் இவ்வளவு குறைந்தது? செஃபீட்களில் இரண்டு வகை உண்டு என்பது அப்போது தெரியாததால் அவற்றின் உண்மை ஒளி குறைத்து மதிக்கப்பட்டது. அந்த இரு வகைகளை வால்டர் பாடே 1952இல்தான் அறிவித்தார்.

செஃபீட்கள் எட்டாத தொலைவுக்கு ஒன்று-ஏ வகை சூப்பர்நோவாக்கள் உதவுகின்றன. துணைமீனிடமிருந்து பொருளை இழுத்துக்கொள்ளும் வெண்குறுமீன் ஒன்று, சூரியனைப்போல் 1.4 மடங்கு நிறையை நெருங்கும்போது வெடிக்கிறது என்பது பாடநூல் விளக்கம். அந்த 1.4தான் சந்திரசேகர் எல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது தொடங்கிய கணக்கு அது. வெடிக்கும் நிறை ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் வெளிவரும் ஒளியும் ஏறக்குறைய ஒரே அளவு. இவற்றை வைத்துத்தான் அண்டத்தின் விரிவு வேகமெடுத்துவருகிறது என்று 1998இல் கண்டார்கள். அந்த வேகத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவதே இருண்ட ஆற்றல்.

இனி செம்பெயர்ச்சியிலிருந்து தூரத்தைக் காணும் கணக்கு. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டரில் இருக்கும். ஒரு கேலக்ஸியின் நிறமாலையில் அது 689.1இல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 32.8, அதை 656.3ஆல் வகுத்தால் 0.05. இதுதான் செம்பெயர்ச்சி. ஒளியின் வேகமான விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரோடு பெருக்கினால், அந்தக் கேலக்ஸி விலகும் வேகம் விநாடிக்கு 15,000 கிலோமீட்டர். ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு விலகும் வேகம் எத்தனை கிலோமீட்டர் கூடுகிறது என்பதே ஹப்பிள் மாறிலி. அதை 70 என்று கொண்டு வகுத்தால் 214 மெகாபார்செக், அதாவது சுமார் 70 கோடி ஒளியாண்டு. இந்தக் கணக்கைப் பார்த்து எழுதாமல், கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அதே மாறிலியைத் தலைகீழாக்கினால் அண்டத்தின் வயது உத்தேசமாகக் கிடைக்கும். 70 என்றால் சுமார் 1400 கோடி ஆண்டு. ஹப்பிள் 1929இல் சொன்ன மதிப்பு சுமார் 500. அதன்படி வயது 200 கோடி ஆண்டுதான். பூமியின் வயதோ 450 கோடிக்கு மேல்! அண்டத்தைவிட பூமி மூத்ததாக இருக்க முடியாது. தூரங்களைக் குறைத்து அளந்ததால் வந்த வினை இது. தூரம் தவறினால் வயதும் தவறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. விரிவான விடைக்குக் கேட்டால் இதையே எழுதலாம்.

பெருவெடிப்பு என்றதும் வெற்றிடத்தின் நடுவே ஏதோ ஒரு புள்ளி வெடித்துச் சிதறியது என்று எழுதாதீர்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். விரிவது வெளிதான், அதற்கு மையம் கிடையாது, எந்தக் கேலக்ஸியில் நின்று பார்த்தாலும் மற்றவை விலகுவதாகவே தெரியும். ஈர்ப்பால் கட்டுண்டவை மட்டும் விரிவதில்லை. அதனால்தான் ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கி வருகிறது. அதன் நிறமாலை நீலப் பக்கம் நகர்ந்திருக்கிறது.

நுண்ணலைப் பின்னணியை 1964-65இல் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டார்கள். அண்டத்துக்கு 3,80,000 ஆண்டு வயதானபோது வெப்பம் சுமார் 3000 கெல்வினுக்கு இறங்கியது. எலக்ட்ரான்கள் அணுக்களில் அடங்கின. அதுவரை சிதறிக்கொண்டிருந்த ஒளிக்கு வழி திறந்தது. அந்த ஒளிதான் நுண்ணலைப் பின்னணி. அதன் அலைநீளம் பிறகு ஏறத்தாழ 1100 மடங்கு நீண்டது. 3000ஐ 1100ஆல் வகுத்துப் பாருங்கள், 2.7 கெல்வின் வரும். இன்று அளப்பதும் அதுவே.

இருண்ட பொருளுக்கான ஆதாரம் வேகத்தில் இருக்கிறது. சூரியக் குடும்பத்தில் புதன் விநாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் சுற்ற, நெப்டியூன் 5.4 கிலோமீட்டரில் சுற்றுகிறது. நிறை முழுக்க நடுவில் இருந்தால் இப்படித்தான் குறைய வேண்டும். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை அளந்து வெளியிட்டார்கள். வெளிப்புறத்தில் அந்த வேகம் எதிர்பார்த்தபடி சரியவில்லை. ஒளி குறைந்துகொண்டே போகும் இடத்திலும் நிறை கூடிக்கொண்டே போகிறது என்பதுதான் இதற்கு அர்த்தம். ஒளி தராத அந்த நிறையே இருண்ட பொருள். வரைபடம் வரையச் சொன்னால் இரண்டு கோடுகளையும் வரைந்து, எது எதிர்பார்த்தது, எது அளந்தது என்று பெயரிடுங்கள். இருண்ட பொருளையும் இருண்ட ஆற்றலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: முன்னது ஈர்க்கிறது, அண்டத்தின் மொத்த நிறை-ஆற்றலில் 27 சதவீதம், பின்னது விரிவை முடுக்குகிறது, 68 சதவீதம். நாமும் விண்மீன்களும் மீதி 5 சதவீதத்தில் அடக்கம்.

கேலக்ஸி வகைகளுக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டாம். நீள்வட்டக் கேலக்ஸிகளில் வாயு குறைவு, விண்மீன்கள் முதியவை, சிவந்தவை. சுருள் கைகளில் இளம் நீல விண்மீன்கள். இந்த வகைகளை வரிசைப்படுத்தும் ஹப்பிளின் இசைக்கவை வடிவப் படம் வளர்ச்சி வரிசை இல்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஹப்பிள் மாறிலியின் மதிப்பைத் தேர்வில் கேள்வியே கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சரியான மதிப்பு எது என்று கேட்டால் இரண்டு எண்களை எழுதுங்கள்: நுண்ணலைப் பின்னணியிலிருந்து சுமார் 67, செஃபீட்களும் சூப்பர்நோவாக்களும் வழியாகச் சுமார் 73. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விடை இன்னும் கிடைக்கவில்லை.