கம்பனியின் கதைக்கு ஏற்ற ஊடகத்தைத் தெரிவு செய்தல்

க.பொ.த. (சாதாரண தர) மாணவர்களுக்கான பாட விளக்கம்

1. அறிமுகம்



"தனது செய்தியை மக்களிடம் கொண்டு செல்ல விரும்பும் நிறுவனம் ஒன்றுக்கு மிகப் பொருத்தமான ஊடகம் எது?" என்று கேட்டால் மாணவர் பலர் சற்றும் சிந்திக்காமல் "தொலைக்காட்சி" என எழுதிவிடுகின்றனர். அண்மைக்காலமாக "சமூக ஊடகம்" என எழுதுவோரும் உள்ளனர். இவ்விரு விடைகளும் தம்மளவில் முழுமையற்றவை. எல்லாச் செய்திக்கும் எல்லா மக்களுக்கும் பொருந்தக்கூடிய ஒரே ஊடகம் எதுவும் இல்லை. செய்தி யாது, அதனைப் பெறுபவர் யார், அவர் அவ்வேளையில் எந்நிலையில் இருக்கின்றார் என்பவற்றை அறிந்த பின்னரே ஊடகம் தெரிவு செய்யப்பட வேண்டும். உலகில் உண்மையாக நடந்த சில நிகழ்வுகளைக் கொண்டு இதனை விளங்கிக் கொள்வோம்.

2. கம்பனியின் கதை என்றால் என்ன?

ஒரு நிறுவனம் எவ்வாறு தோன்றியது, எதனை எப்படி உற்பத்தி செய்கின்றது, அதன் பொருள் மக்களுக்கு எவ்வகையில் உதவியது, தவறு நேர்ந்தபோது அது எவ்வாறு நடந்துகொண்டது என்பவை பற்றிய உண்மையான விபரங்களே கம்பனியின் கதை எனப்படும். கதை என்ற சொல் இங்கு கற்பனையைக் குறிக்காது.

விளம்பரத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. விளம்பரம் "இப்பொருளை வாங்குங்கள்" என நேரடியாகத் தூண்டும். கதையோ நிறுவனம் பற்றிய அறிமுகத்தையும் நம்பிக்கையையும் படிப்படியாக வளர்க்கும். விளம்பரத்தின் பயன் சில நாட்களில் முடிந்துவிடலாம். நம்பிக்கை உருவாக ஆண்டுகள் செல்லும். ஆனால் அது ஒரே நாளில் உடைந்தும் போகலாம். பொருத்தமான ஊடகத்தைத் தெரிவு செய்வது முக்கியம் பெறுவது இதனாலேயே ஆகும்.

3. தெரிவின்போது கேட்கவேண்டிய ஐந்து வினாக்கள்

(1) யாருக்கு? பெறுநரின் வயது, மொழி, தொழில், வாழிடம், வாசிப்புத் திறன் என்பன கவனிக்கப்படல் வேண்டும்.

(2) அவர் எந்நிலையில் இருக்கின்றார்? வேலை செய்யும்போது கையும் கண்ணும் ஓய்வின்றி இருக்கும். காது மட்டும் ஓய்வாக இருக்கும். பயணத்தில் உள்ளவருக்கு அவர் கையோடு கொண்டு செல்லக்கூடியதே உதவும்.

(3) கதையின் இயல்பு யாது? கண்ணால் கண்டு அறியவேண்டிய செயன்முறையா, ஒரு முறை கேட்டால் போதுமானதா, அல்லது மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கவேண்டிய விபரமா?

(4) எவ்வளவு விரைவாகச் சென்றடைய வேண்டும்? எவ்வளவு காலம் நிலைக்க வேண்டும்? அவசர அறிவித்தலுக்கு மாத சஞ்சிகை உதவாது. பல ஆண்டுகள் பாதுகாக்கவேண்டிய விபரத்துக்கு ஒரு வானொலி அறிவித்தல் போதாது.

(5) பின்னூட்டல் தேவையா? செலவு எவ்வளவு? பெறுநர் திருப்பிக் கேள்வி கேட்கவேண்டிய சந்தர்ப்பமாயின் அதற்கு வழி இருக்கவேண்டும். ஊடகச் செலவும் நிறுவனத்தின் சக்திக்குள் அடங்கவேண்டும்.

4. உண்மை நிகழ்வுகள் காட்டும் பாடங்கள்

4.1 விவசாயியின் கையில் ஒரு சஞ்சிகை

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜோன் டியர் என்ற கொல்லர் 1837 இல் உருக்குக் கலப்பையை உருவாக்கினார். அவர் தொடங்கிய நிறுவனம் 1895 இல் "த ஃபரோ" என்னும் சஞ்சிகையை வெளியிடத் தொடங்கியது. இப்பெயருக்கு உழவுசால் என்பது பொருள். நிறுவனத்தின் கலப்பையைப் புகழ்வதை விட, விவசாயிக்குத் தேவையான அறிவுரைகளுக்கே அதில் முதன்மை கொடுக்கப்பட்டது.

இங்கு சஞ்சிகை ஏன் பொருத்தமானது? பயிர்ச்செய்கை பற்றிய விபரம் ஒரே தடவையில் மனத்தில் பதியாது. பகலில் வயலில் நிற்பவர் இரவில் ஆறுதலாக வாசிக்கலாம், பருவம் வரும்போது மீண்டும் எடுத்துப் பார்க்கலாம், அயலவருக்கும் கொடுக்கலாம். வானொலி ஒலிபரப்பும் தொலைக்காட்சியும் வந்த பின்னரும் இச்சஞ்சிகை நின்றுவிடவில்லை. இன்றும் பல மொழிகளில் வெளிவருகின்றது.

பாடம்: ஆறுதலாகப் படித்து, பாதுகாத்து வைக்கவேண்டிய செய்திக்கு அச்சு ஊடகம் பொருந்தும்.

4.2 பயணியின் கையில் ஒரு கைந்நூல்

பிரான்சில் ரயர் உற்பத்தி செய்த மிஷெலின் சகோதரர்கள் 1900 இல் வாகன ஓட்டிகளுக்கான வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டனர். அக்காலத்தில் பிரான்சில் 3,000 மோட்டார் கார்கள் கூட இருக்கவில்லை. ஆயினும் ஏறத்தாழ 35,000 பிரதிகள் அச்சிடப்பட்டு இலவசமாக வழங்கப்பட்டன. ரயர் மாற்றும் முறை, எரிபொருள் கிடைக்கும் இடங்கள், தங்குமிடங்கள் என்பன அதில் இருந்தன. மக்கள் நீண்ட பயணம் சென்றால் ரயர் தேயும்; தேய்ந்தால் புதிய ரயர் வாங்குவர் என்பதே இதன் பின்னணியில் இருந்த வணிக நோக்கம் ஆகும்.

வழியில் ரயர் பழுதடைந்து நிற்பவருக்கு வீட்டிலுள்ள பத்திரிகையால் பயனில்லை. வாகனத்திலேயே இருக்கும் சிறு நூலே உதவும். பின்னாளில் ஒரு வேலைத்தலத்தில், மேசையைச் சமப்படுத்த இந்நூலின் பிரதிகள் முண்டு கொடுக்கப்பட்டிருப்பதை சகோதரர்களுள் ஒருவர் கண்டதாக அந்நிறுவனம் கூறுகின்றது. 1920 முதல் நூல் விலைக்கு விற்கப்பட்டது.

பாடம்: பெறுநருக்குச் செய்தி எந்த இடத்தில் தேவைப்படுமோ அந்த இடத்தில் ஊடகமும் இருக்கவேண்டும். இலவசமாகக் கொடுப்பதனால் மட்டும் செய்தி மதிக்கப்படாது.

4.3 வேலை செய்வோரின் காதில் வானொலி

சவர்க்காரம், சலவைத்தூள் என்பவற்றை உற்பத்தி செய்த அமெரிக்காவின் புரொக்டர் அன்ட் கம்பிள் நிறுவனம், 1933 இல் தனது ஒக்சிடோல் சலவைத்தூளுக்காக "மா பேர்க்கின்ஸ்" என்ற வானொலித் தொடர் நாடகத்துக்கு அனுசரணை வழங்கியது. ஒரு சிறு நகரில் மரக்காலை நடத்தும் விதவைத் தாய் ஒருவரே அதன் கதாநாயகி. வார நாட்களில் பகல் வேளையில் ஒலிபரப்பான இத்தொடர் 1960 வரை நீடித்தது. இத்தகைய தொடர்களுக்குச் சவர்க்கார நிறுவனங்கள் அனுசரணை வழங்கியமையாலேயே ஆங்கிலத்தில் "சோப் ஒபெரா" என்ற பெயர் ஏற்பட்டது.

வீட்டுவேலையில் ஈடுபட்டிருந்த பெண்களால் அந்நேரத்தில் பத்திரிகை வாசிக்க முடியாது. வானொலியைக் கேட்க முடியும். நிறுவனம் இதனை அறிந்து செயற்பட்டது.

எமது நாட்டுடன் தொடர்புடைய உதாரணமும் உண்டு. 1952 இல் இந்தியாவின் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களைக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் "பினாக்கா கீத்மாலா" என்ற ஹிந்திப் பாடல் நிகழ்ச்சி தொடங்கியது. பினாக்கா என்பது ஒரு பற்பசையின் பெயர். அமீன் சயானி தொகுத்து வழங்கிய இந்நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, கொழும்பிலிருந்து சிற்றலையில் ஒலிபரப்பாகியது. அதனை இந்திய உபகண்டம் முழுவதிலும் நேயர்கள் கேட்டனர். அவர்கள் எழுதிய கடிதங்களே அக்காலப் பின்னூட்டல் ஆகும்.

பாடம்: பெறுநர் எங்கே செவிசாய்க்கின்றாரோ அங்கே செல்வதே தெரிவு. அந்நிலையம் வேறு நாட்டில் இருப்பினும் அது தடையல்ல.

4.4 உயிராபத்து நேர்ந்த வேளை

1982 செப்டெம்பர் இறுதியில் அமெரிக்காவின் சிக்காகோ பிரதேசத்தில் டைலனோல் என்ற வலிநிவாரணியை உட்கொண்ட 7 பேர் இறந்தனர். கடைகளுக்குச் சென்ற போத்தல்களில் எவரோ சயனைட் நஞ்சைக் கலந்திருந்தமை கண்டறியப்பட்டது. குற்றம் புரிந்தவர் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. மருந்தின் உரிமையாளரான ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் பின்வருமாறு செயற்பட்டது.

(அ) விளம்பரங்களை நிறுத்தி, மருந்தை உட்கொள்ள வேண்டாம் எனச் செய்தி ஊடகங்கள் வழியாக நாடு முழுவதும் எச்சரித்தது.
(ஆ) மருத்துவர்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் தனியான செய்திகளை அனுப்பியது.
(இ) பொதுமக்கள் கேள்வி கேட்பதற்குக் கட்டணமற்ற தொலைபேசி இலக்கத்தை ஏற்படுத்தியது.
(ஈ) ஏறத்தாழ 3 கோடி 10 இலட்சம் போத்தல்களை மீளப்பெற்றது. அவற்றின் பெறுமதி 10 கோடி டொலருக்கும் அதிகமாகும்.
(உ) நவம்பர் மாதத்தில், திறந்தால் தெரியக்கூடிய புதிய பொதியுடன் மருந்தை மீண்டும் அறிமுகம் செய்தது. செய்மதி வழியாகப் பல நகரங்களின் ஊடகவியலாளர்கள் ஒரே நேரத்தில் கலந்துகொண்ட மாநாட்டில் அது அறிவிக்கப்பட்டது.

இங்கு ஒரே நிகழ்வுக்குப் பல ஊடகங்கள் பயன்பட்டதைக் கவனியுங்கள். விரைவு தேவைப்பட்ட இடத்தில் ஒலி, ஒளிபரப்பு. மருத்துவருக்கு நேரடிச் செய்தி. அச்சமுற்றிருந்த குடும்பத்தவருக்கு மறுமொழி கூறும் தொலைபேசி. அச்சத்தில் இருப்பவருக்கு அழகிய விளம்பரம் ஆறுதல் தராது. தனது கேள்விக்கு ஒருவர் பதிலளிப்பதே ஆறுதல் தரும். வீழ்ச்சியடைந்திருந்த மருந்தின் விற்பனை ஏறத்தாழ ஓராண்டில் பெருமளவு மீண்டது.

பாடம்: நெருக்கடியில் விரைவு, உண்மை, இருவழித் தொடர்பாடல் ஆகிய மூன்றும் அவசியம்.

5. ஊடகங்களின் சிறப்புகளும் குறைபாடுகளும்

பத்திரிகை, சஞ்சிகை: விபரமாகக் கூறலாம், பாதுகாத்து வைக்கலாம். எழுத்தறிவு தேவை, பின்னூட்டல் தாமதமாகும்.

வானொலி: வேலை செய்துகொண்டே கேட்கலாம், எழுத்தறிவு தேவையில்லை. காட்சி இல்லை; தவறவிட்டால் மீண்டும் கேட்பது கடினம்.

தொலைக்காட்சி: காட்சியும் ஒலியும் சேர்ந்து மனத்தில் பதியும். செலவு அதிகம்; சிறு நிறுவனத்துக்கு எட்டாது.

துண்டுப்பிரசுரம், சுவரொட்டி: குறித்த பிரதேசத்துக்குக் குறைந்த செலவில் சென்றடையும். நீண்ட விபரம் கூற இயலாது.

இணையம், சமூக ஊடகம்: எழுத்து, ஒலி, காட்சி மூன்றும் இடம்பெறும், பின்னூட்டல் உடனே கிடைக்கும், தொலைதூரத்துக்கும் செல்லும். இணைய வசதி அற்றோரைச் சென்றடையாது. பொய்யான தகவலும் அதே வேகத்தில் பரவும்.

நேர்முகச் சந்திப்பு: சந்தேகங்களை உடனே தீர்க்கலாம், நம்பிக்கை வளரும். ஒரே நேரத்தில் சிலரை மட்டுமே சந்திக்கலாம்.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: யாழ்ப்பாணத்தில் பனைசார் பொருட்களை உற்பத்தி செய்யும் சிறு நிறுவனம் ஒன்று பின்வரும் செய்திகளைத் தெரிவிக்க விரும்புகின்றது. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஊடகத்தைக் காரணத்துடன் குறிப்பிடுக.

(அ) பனையோலையில் கடகம் இழைக்கப்படும் முறையை வெளிநாடுகளில் வாழும் தமிழருக்குக் காட்டுதல்.
(ஆ) கடைகளுக்கு அனுப்பிய பனங்கட்டிப் பொதிகள் சிலவற்றில் பழுது காணப்பட்டமையால் அவற்றை உடனே மீளப்பெறுதல்.
(இ) புதிதாகச் சேர்ந்த ஊழியர்களுக்கு நிறுவனத்தின் வரலாற்றையும் வேலை முறையையும் எடுத்துக்கூறல்.

விடை:

(அ) இணையக் காணொளி. ஓலை வார்ந்து இழைக்கும் கைவினை கண்ணால் காணவேண்டியது. பெறுநர் பல நாடுகளில் வாழ்கின்றனர். தொலைக்காட்சியை விடச் செலவு குறைவு. பார்ப்பவர் விலை, அளவு என்பவற்றை உடனே விசாரிக்கலாம்.

(ஆ) கடைக்காரர்களுக்குத் தொலைபேசி அழைப்பு. வாங்கிச் சென்றோருக்கு வானொலி அறிவித்தலும் கடை வாசலில் அறிவித்தற் பலகையும். இங்கு விரைவே முதன்மையானது. பொதியின் திகதி, திருப்பிக் கொடுக்கும் முறை, தொடர்புகொள்ள வேண்டிய இலக்கம் என்பன இடம்பெறல் வேண்டும். பிற மாவட்டங்களிலும் விற்கப்பட்டிருப்பின் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அறிவித்தல் அவசியம். நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் மட்டும் வெளியிடுவது போதாது. அப்பக்கத்தைப் பாராத ஒரு வீட்டில் பழுதான பனங்கட்டி உண்ணப்படலாம்.

(இ) மூத்த ஊழியருடன் நேர்முகச் சந்திப்பும் சிறு கைந்நூலும். அனுபவம் மிக்கவர் கூறும்போது புதியவர் சந்தேகங்களைக் கேட்கலாம். வேலை ஒழுங்கு, பாதுகாப்பு விதிகள் என்பவற்றைப் பின்னர் கைந்நூலில் பார்த்துக்கொள்ளலாம்.

7. விடை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

ஊடகத்தின் பெயரை மட்டும் எழுதுவது விடையின் ஒரு பகுதியே ஆகும். "ஏன்?" என்பதற்கான காரணத்தையும் எழுதுங்கள். வினாவில் தரப்பட்ட பெறுநரையும் சந்தர்ப்பத்தையும் அக்காரணத்துடன் தொடர்புபடுத்துங்கள். "தொலைக்காட்சி பலரும் பார்ப்பது" என்ற பொதுவான வசனம் எந்த வினாவுக்கும் பொருந்தும். ஆகவே அது எந்த வினாவுக்கும் சரியான விடையாகாது.

8. நினைவில் கொள்க

* முதலில் பெறுநர், அடுத்து கதை, அதன் பின்னரே ஊடகம்.
* புதிய ஊடகம் வந்தமையால் பழையது பயனற்றுப் போவதில்லை.
* அவசரச் செய்திக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஊடகங்கள் தேவைப்படலாம். அவை யாவும் ஒரே உண்மையைக் கூறவேண்டும்.
* கதை பொய்யானதாயின் எந்த ஊடகமும் நிறுவனத்தைக் காப்பாற்றாது.

பயிற்சி: உங்கள் ஊரிலுள்ள கடை, தையலகம் அல்லது கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குச் சென்று, அது மக்களுக்குச் சொல்லவேண்டிய மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள். மேலே தரப்பட்ட ஐந்து வினாக்களையும் பயன்படுத்தி ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஊடகத்தைத் தெரிவு செய்து, காரணங்களுடன் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.