ஜுருவில் ஒரு வாகைக் கன்று

விவாதப் போட்டி முடிந்து பரிசளிப்பு நடந்து கொண்டிருந்தது. "வாகை சூடிய அணி" என்று அறிவிப்பாளர் முழங்க, அரங்கமே கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த முதலாம் ஆண்டு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, வாகைன்னா என்ன பூ?" எனக்குத் தெரியவில்லை. முன் வரிசையில் இருந்தவர்களைக் கேட்டோம்; அவர்களுக்கும் தெரியவில்லை. ஒருவர் கைப்பேசியைத் தட்டி ஒரு சிவப்புப் பூவைக் காட்டினார். அது வாகையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், விளையாட்டுப் போட்டி தவறாமல் "வாகை சூடினர்" என்று கேட்டு வளர்ந்தவன் நான். அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வெட்கத்தில் தொடங்கியதுதான் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் கன்று. வாகையைத் தொட்டியில் எப்படி வளர்ப்பது, எங்கே தவறு நேரும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் மரத்தை அடையாளம் காண்போம். வாகை என்பது ஆல்பிசியா லெபெக். 1753-இல் லின்னேயஸ் இதற்கு இட்ட பெயர் மிமோசா லெபெக். 1844-இல் பெந்தம் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பிசியா இனத்துக்கு மாற்றினார். ஆக, நம் வெற்றிப் பூ பிறந்த வீட்டில் ஒரு மிமோசா. நாம் செமாலு என்று மலாயில் படித்த தொட்டாற்சிணுங்கி, சம்பலில் போட்டுச் சாப்பிடும் பெத்தாய் எல்லாம் இதற்கு உறவுக்காரர்கள். பூவைப் பார்த்தாலே உறவு விளங்கும். பூ என்று நாம் பார்ப்பது ஒரு பூ அல்ல. பல சிறு பூக்கள் சேர்ந்த ஒரு கொத்து. இதழ்கள் கண்ணுக்குப் படுவதே இல்லை. வெளியே பஞ்சு போல நீட்டிக் கொண்டிருப்பவை மகரந்தத் தாள்கள். வாகைப் பூ இளம்பச்சை கலந்த வெண்மை, நல்ல மணம் உண்டு, வாடும்போது மஞ்சளாகும்.

நம் ஊரில் இதனோடு குழப்பிக் கொள்ளப்படுவது தூங்குமூஞ்சி மரம். தைப்பிங் ஏரிப் பூங்காவில் தண்ணீரைத் தொடுமளவு கிளை சாய்த்து நிற்கின்றனவே, அவை இம்மரங்கள்தாம். மாலையில் இலையை மூடுவதால் மலாயில் 'புக்குல் லீமா' என்ற பெயரும் இதற்கு உண்டு. (ஐந்து மணிக்கு எங்கே மூடுகிறது என்று சண்டைக்கு வராதீர்கள். 1982 சனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரமே அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. மரத்திடம் யாரும் சொல்லவில்லை.) தூங்குமூஞ்சி தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. பூ இளஞ்சிவப்பு, காய் தடித்துக் கறுத்து, உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும். வாகையின் காயோ தட்டையாக, வைக்கோல் நிறத்தில், காகிதம் போல உலர்ந்து மாதக்கணக்கில் கிளையிலேயே தொங்கும். காற்று அடித்தால் உள்ளே விதைகள் கலகலக்கும். குறுந்தொகையின் ஏழாம் பாட்டில், காற்றில் ஒலிக்கும் வாகை நெற்று கழைக்கூத்தாடிகளின் பறையொலிக்கு உவமிக்கப்படுகிறது. அந்த ஓசையைக் காதால் கேட்ட பிறகுதான் அந்தப் பாட்டு எனக்குப் பாடமாக இல்லாமல் பாட்டாக ஆனது.

செபராங் பிறையில் ஒரு கோயில் திடலின் ஓரத்தில் நின்ற மரத்தடியில் நெற்றுகளைப் பொறுக்கினேன். வேண்டுவோர் இப்படி உள்நாட்டிலேயே தேடுங்கள். இந்தியாவுக்குப் போய்வரும் உறவினரிடம் விதை கேட்டுப் பைக்குள் போட்டு வரச் சொல்லாதீர்கள். நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைக் காப்புச் சட்டம் இருக்கிறது, விதைக்கும் அனுமதி வேண்டும்.

நெற்றில் துளை இருந்தால் வண்டு தின்றிருக்கும். அந்த விதை முளைக்காது. நல்ல விதை தேன் நிறத்தில் கெட்டியாக இருக்கும். தோல் அவ்வளவு கெட்டி என்பதால் அப்படியே புதைத்தால் நாள்கணக்கில் கல்லாகக் கிடக்கும். கொதித்து இறக்கிய நீரை ஊற்றி அப்படியே இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். காலையில் உப்பியவை முளைக்கும். உப்பாதவற்றின் ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி மீண்டும் ஊற வைக்கலாம். முளை வரும் முனையைக் கிள்ளிவிடாதீர்கள். விரல் நகத்தின் ஆழத்துக்கு மண்ணில் வைத்தேன். ஐந்தாம் நாள் முதல் முளை எட்டிப் பார்த்தது. முதல் இலை சாதாரணமாக, புளிய இலை மாதிரி இருக்கும். இரட்டைக் கூட்டிலை பின்னால்தான் வரும். ஏமாந்துவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. குளிர்நாட்டில் மிமோசா வளர்ப்போரின் எதிரி உறைபனி. இத்தாலியில் 1946 முதல் மார்ச் 8 மகளிர் நாளுக்கு மஞ்சள் மிமோசாக் கொத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த மரத்தைக் குளிர் கூடிய ஊர்களில் தொட்டியில் வைத்து, பனிக்காலத்தில் வீட்டுக்குள் இழுத்துக் கொள்கிறார்கள். நமக்குப் பனி ஏது? ஜுருவில் நம் எதிரி தண்ணீர்.

வாகை வறண்ட காலத்தில் இலையுதிர்த்து நிற்கும் மரம். தொல்காப்பியம் புறத்தில் வாகைத் திணையை அகத்தில் பாலைக்கு இணையாக வைக்கிறது. பாலைக்கு உரியதை நான் ஜுருவின் களிமண்ணில் வைத்தேன். கடலோரச் சமவெளியின் மண் இது, நீர் இறங்காது. 2022-இல் முளைத்த ஒன்பது கன்றுகளை ஆசையோடு காலை மாலை இருவேளையும் நனைத்தேன். அக்டோபர் மழையும் சேர்ந்து கொண்டது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பதும் சாய்ந்தன. "தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னுட்டியேடா" என்றார் பாட்டி. ஒரு வார்த்தை கூட மறுக்க முடியவில்லை.

இரண்டாம் முறை மண்ணை மாற்றினேன். இங்குள்ள செடிக்கடைகளில் மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு, மணல் ஒன்று என்று கலப்பார்கள். வாகைக்கு நான் மணலை எருவின் அளவுக்கு உயர்த்தி, எருவை ஒரு பங்காகக் குறைத்தேன். ஆணிவேர் நீளமாக இறங்குவதால் அகலத்தை விட ஆழம் முக்கியம். 18 லிட்டர் பெயிண்ட் வாளியே போதும். அடியிலும் பக்கவாட்டின் கீழ்ப்பகுதியிலும் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைக்காதீர்கள். தட்டில் நிற்கும் நீர் வேரை அழுக வைப்பதோடு ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும். சுகாதார அதிகாரி வந்தால் தண்டத்தொகை கட்ட வேண்டியிருக்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் நான் பல நாள் ஊற்றுவதே இல்லை. வெயில் மட்டும் நாள் முழுவதும் வேண்டும்.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவரை இனம் என்பதால் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். தாய்மரத்தடி மண்ணில் ஒரு கைப்பிடி கலந்தால் அந்த நுண்ணுயிர்களும் கூடவே வந்துவிடும். தொட்டி மாற்றும்போது ஒரு முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். இடைநிலைப்பள்ளி அறிவியல் பாடத்தில் 'நோடுல் ஆக்கார்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயத்தை அன்றுதான் கையில் பிடித்துப் பார்த்தேன்.

சிறு மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் இலையில் முட்டையிடும். புழுக்கள் ஒரு வாரத்தில் கிளையை மொட்டையாக்கும். கையால் எடுத்து வேறிடத்தில் விட்டேன். பாதியை வேண்டுமென்றே விட்டு வைத்தேன். இலை மறுபடி வந்தது.

2024 சனவரியில் இன்னொரு அதிர்ச்சி. பினாங்கில் சனவரி, பிப்ரவரி மழை குறைந்த மாதங்கள். இலைகள் பழுத்து உதிர்ந்து குச்சி மட்டும் நின்றது. போச்சு என்று நினைத்தேன். பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை! செத்துப் போகவில்லை, தன் பருவத்தைக் கடைப்பிடித்திருக்கிறது. நம் ஊரின் அந்தச் சிறு வறட்சி அதற்குப் போதுமானதாக இருந்தது. இலை இல்லாத அந்த வாரங்களில்தான் தொட்டி மாற்றவும், சுற்றிச் சுருண்ட வேரை நறுக்கவும், உயரத்தைக் கட்டுப்படுத்தக் கிளை வெட்டவும் வேண்டும்.

பூவா? இன்னும் இல்லை. வாளிக்குள் வளரும் வாகை சீக்கிரம் பூக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். பூதான் வேண்டும், காத்திருக்க முடியாது என்போர் கலியாண்ட்ரா வாங்குங்கள். மிமோசா உறவுதான், புதர்ச்செடி. சிவப்புப் பஞ்சுருண்டையாகத் தொட்டியிலேயே பூக்கும். கைப்பேசியில் அன்று காட்டப்பட்ட பூ அதுதான் என்று நினைக்கிறேன்.

தரையில் நடுவதானால் வரிசை வீட்டு முற்றம் ஒத்துவராது. இருபது மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மரம். வேர் மேலாக ஓடிக் கால்வாயையும் சிமெண்டுத் தரையையும் பெயர்க்கும். கோயில் திடல், பள்ளித் திடல் போன்ற இடமே தக்கது. அதுவும் நிர்வாகத்திடம் கேட்டு. காட்டோரங்களில் விதையை வீசுவதும் கூடாது. அமெரிக்காவின் புளோரிடாவில் இதே வாகை அடங்காத களையாகிவிட்டது.

இரண்டாம் முறை பிழைத்தவை மூன்று. ஒன்று என் மார்பளவு உயரம். ஏழு மணிக்கு மேல் பார்த்தால் இலைகளைச் சோடி சோடியாகக் கூப்பியிருக்கும். இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு வீக்கத்திலிருந்து பொட்டாசியமும் நீரும் இடம் மாறுவதால் வரும் அசைவு அது. இன்னொன்றை அந்த முதலாம் ஆண்டு மாணவியிடம் கொடுத்தேன். விடுதியில் வைக்க இடமில்லை என்று ஊருக்குக் கொண்டு போயிருக்கிறாள். மூன்றாவது இன்னும் வாளியில் இருக்கிறது. நம் கழக அறைக்கு வெளியே வெயில் படும் ஒரு மூலை உண்டு. இரண்டு செங்கல் மட்டும் யாராவது கொண்டு வாருங்கள்.